உட்கார்ந்து உழைப்பவரும் உடல் நலமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவி

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலம் என்னும் சுவர் இடிந்து போனால் கல்வி, செல்வம், பதவி என்ற சித்திரங்களை எங்கே எழுதுவது? இந்த உண்மையை அறியாதவர் எவருமில்லை. ஆயினும், 'நாம்தான் நாள் முழுதும் உழைக்கிறோமே, நமக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது?' என்ற எண்ணம் உழைக்கும் மக்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். உடல் இயக்கம், மனக்கவலை, உடற்பருமன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கைகோத்து மனிதனின் பிற்கால வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை, எனக்குத் தெரிந்த அளவில், இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

எங்கள் வீட்டுத் தறி

பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபாத் எங்கள் ஊர். என் தந்தை பட்டு நெசவாளர். காஞ்சிபுரம் பட்டு என்று உலகம் போற்றும் சேலைகள் காஞ்சி நகரில் மட்டுமன்றி எங்கள் ஊர் போன்ற சுற்றூர்களிலும் நெய்யப்படுகின்றன. வீட்டின் முன்கட்டில் பள்ளத்தறி. காலையில் பள்ளத்தில் காலை இறக்கி உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம் போக, பொழுது சாயும் வரை அப்பா எழுந்திருப்பதில்லை. அம்மா பக்கத்தில் அமர்ந்து ஊடைக்கு நூல் சுற்றுவார். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

சென்ற ஆண்டு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அக்கா கூப்பிட்டபோது அப்பா தறியை விட்டு எழவில்லை.

"நமக்கெல்லாம் ஏதும்மா சர்க்கரை? அது உட்கார்ந்து தின்றவனுக்கு வர்ற நோய்" என்று சிரித்தார்.

நான் வற்புறுத்தியதால் விரலை நீட்டினார். கருவி 286 என்று காட்டியது. மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தபோதும் 190-க்கு மேல். அப்போதுதான் அப்பா இன்னொன்றைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளாகவே அவருக்குப் பாதம் மதமதவென்று இருந்ததாம். தறி மிதிப்பதால் வரும் வலி என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி வந்திருக்கிறார்.

அதே இரண்டு ஆண்டுகளில் நான் கணையத்தின் படம் வரைந்தேன். லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைக் குறித்தேன். இன்சுலின் பற்றி இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். தேர்வுத் தாளில் எழுதியது வீட்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

களைப்பு வேறு, இயக்கம் வேறு

அப்பா சொன்ன வாக்கியத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். 'உட்கார்ந்து தின்றவன்' என்று அவர் சொன்னது உழைக்காத செல்வரை. ஆனால் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் அவரே அல்லவா! உழைக்கிறார், ஆனால் உட்கார்ந்தே உழைக்கிறார். கை நாடாவை வீசுகிறது, கால் மிதிக்கிறது, கண் ஜரிகையைக் கவனிக்கிறது. முதுகு வலிக்கிறது, தோள் கடுக்கிறது. மாலையில் அவர் களைத்துப் போவது உண்மை. அந்தக் களைப்பை நாம் உடற்பயிற்சி என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஒரு நாள் அப்பா நெய்துகொண்டிருக்கும்போது அவர் நாடித் துடிப்பை எண்ணினேன். நிமிடத்துக்கு 82. மற்றொரு நாள் இரயில் நிலையம் வரை என்னுடன் விரைவாக நடந்து வந்தபோது எண்ணினேன். 110. ஒருவரிடம் எண்ணியது ஆராய்ச்சி ஆகாது என்பதை அறிவேன். ஆயினும் இதயமும் பெரிய தசைகளும் எப்போது வேலை செய்கின்றன என்பதை அந்த இரண்டு எண்களும் எனக்கு விளக்கின.

இதே கேள்வியைப் பல்லாண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞர் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் இலண்டன் பேருந்துத் தொழிலாளர்களைக் கவனித்து, 1953-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கே மாடிப் பேருந்துகள் ஓடின. ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் இருப்பார். நடத்துநரோ மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே பேருந்தில் வேலை பார்ப்பவர்கள். அப்படியிருந்தும் மாரடைப்பு நோய் ஓட்டுநர்களுக்கே அதிகமாக வந்தது. அவர்களுக்கு அது இளைய வயதிலும், உயிரைப் பறிக்கும் வகையிலும் வந்தது.

'ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனாக இருந்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். மாரிசும் அதைக் கேட்டார். நிறுவனம் கொடுத்த சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு ஆரம்பத்திலேயே பெரியதுதான் என்று 1956-இல் ஒப்புக்கொண்டார். பின்னர் 1966-இல் வெளியான ஆய்வில், ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருமனானவர் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு பிரிவிலும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. பருமன் தீங்கு செய்கிறது. இயக்கமின்மை தனியாகவும் தீங்கு செய்கிறது என்பதே இதன் பொருள். தம் ஆய்வு காட்டிய வழியிலேயே உடற்பயிற்சியைக் கைவிடாத மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

தசை செய்யும் வேலை

இயக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? நாம் உண்ணும் சோறு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு திறவுகோல். தசைச் செல்லின் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே விடுகிறது. உண்டபின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தாங்கும் களஞ்சியம் தசையே. தொடையும் இடுப்பும் நாள் முழுதும் ஓய்ந்திருந்தால் அந்தக் களஞ்சியம் காலியாவதே இல்லை. நிறைந்த களஞ்சியத்தில் புதிய நெல்லை எங்கே கொட்டுவது? திறவுகோல் இருந்தும் கதவு சரியாகத் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, ஆண்டுகள் பல கடந்தபின் களைத்துப் போகிறது.

இங்கே இயற்கை நமக்கு ஒரு பின்கதவு வைத்திருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைய வழி பிறக்கிறது. சாப்பிட்டபின் சிறிது தூரம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் குறைவது இதனால்தான்.

ஒல்லியானவருக்கும் தொப்பை உண்டு

என் தந்தை பருமனானவர் அல்லர். உயரம் 163 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 20.3 வருகிறது. ஆசிய மக்களுக்கு 23-க்கு மேல் போனால்தான் எச்சரிக்கை. அப்படியானால் அவர் கவலையற்றவரா? சேலை அளக்கும் நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்தேன். 91 சென்டிமீட்டர்! இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை.

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. அதில் நிற்பவர்கள் இருவர். ஒருவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! எடை பார்க்கும் கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே நிற்கும் நம்மவர் பலரின் உடலமைப்பை அந்தப் படம் நன்கு விளக்குகிறது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றித் தங்கும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலை அடைந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் வருமானம் போதாது என்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வயது 27. கம்பெனிப் பேருந்து தெருமுனையில் ஏற்றிக்கொண்டு தெருமுனையிலேயே இறக்கிவிடுகிறது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சேர்ந்தபோது 58 கிலோ, இன்று 81. இரத்த அழுத்தமும் எல்லையைத் தாண்டிவிட்டது. இரவு நேரத்தில் நம் உடலில் இன்சுலினின் திறன் இயல்பாகவே குறைவு. அந்த நேரத்தில் வயிறு நிறைய உண்டு, பகலில் தூக்கம் கெட்டால் எடை ஏறாமல் என்ன செய்யும்?

தந்தை ஒல்லி, தமையன் பருமன். தந்தைக்குப் பழைய தொழில். தமையனுக்குப் புதிய தொழில். இருவரும் வந்து நிற்பது ஒரே வாசலில்.

மனக்கவலையும் ஓர் உடல் நோயே

மூன்றாவது பகை மனக்கவலை. எங்கள் தொழிலில் கவலைக்குப் பருவ காலம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆகவே சேலைக்குக் கேட்பாரில்லை. ஐப்பசி மழையில் தறிப்பள்ளத்தில் ஈரம் ஊறினால் வேலை நிற்கும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது கல்யாணங்கள் சுருங்கின. தறி மாதக் கணக்கில் நின்றது. அன்று வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. இரவில் அப்பா திண்ணையில் விழித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இக்கவலை மனத்தோடு நிற்பதில்லை. ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் 1936-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வெவ்வேறு வகையான துன்பங்களுக்கும் உடல் ஒரே வகையாகப் பதில் தருகிறது என்று காட்டியது. ஒரு பாம்பைக் கண்டால் அட்ரினல் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினலின் இதயத்தை விரைவுபடுத்துகிறது. கார்ட்டிசால் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கிறது. எதற்காக? கால்கள் ஓடுவதற்காக! ஓடித் தப்பியதும் சர்க்கரை செலவாகிவிடும், நெஞ்சம் அமைதி பெறும்.

ஆனால் கடன்காரரைக் கண்டு ஓட முடியுமா? தறிப்பள்ளத்தில் உட்கார்ந்தபடியேதான் கவலைப்பட வேண்டும். ஓடுவதற்காகச் சேர்ந்த சர்க்கரை ஓடாத உடலில் தேங்குகிறது. மாதக் கணக்கில் கார்ட்டிசால் மிகுந்திருந்தால் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, தூக்கம் கெடுகிறது, பசி தாறுமாறாகிறது. கவலை பருமனுக்கு வழி காட்டுகிறது. பருமன் சோர்வைத் தருகிறது. சோர்வு இயக்கத்தைக் குறைக்கிறது. இயக்கம் குறைந்தால் கவலை மேலும் அழுத்துகிறது. இந்தச் சுழலில் அகப்பட்டவர் தாமாக வெளியேறுவது அரிது.

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. மாரடைப்புக்குரிய காரணங்களில் பெரும்பங்கு ஒன்பதே ஒன்பதில் அடங்கும் என்று அது கூறியது. வயிற்றுப் பருமன், உடல் இயக்கமின்மை, மன அழுத்தம் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. புகைத்தல், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் முதலியவையும் உண்டு.

நாட்டின் நிலை

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை டாக்டர் மோகன் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்கின்றனர். வயிற்றுப் பருமன் உடையோர் நூற்றுக்கு 39 பேருக்கும் மேல். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் காணப்பட்டது. இந்நோய் வலிக்காமல் வருகிறது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதத்து நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பத்து, இருபது ஆண்டுகளில் மெல்ல அரிக்கிறது. கண்ணும் காலும் போனால் நெசவாளருக்கு என்ன மிச்சம்?

நடையின் வலிமை

இனி நம்பிக்கை தரும் செய்திக்கு வருவோம். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நாள்தோறும் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்பிக்கப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40 பேர். அதாவது, நடையும் உணவும் சேர்ந்து மாத்திரைக்குச் சமமாக நின்றன! நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் 577 பேரிடம் இதே போன்ற முயற்சி தொடங்கி ஆறு ஆண்டுகள் நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உணவும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளி வந்திருந்தது, இதய நோய் குறைந்திருந்தது, ஆயுளும் கூடியிருந்தது. ஆறு ஆண்டுப் பழக்கம் முப்பது ஆண்டுக்குப் பலன் தந்தது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியிருக்கிறது. நாள் கணக்கில் பார்த்தால் அரை மணிக்குச் சற்றுக் குறைவு முதல் முக்கால் மணி நேரம் வரை. இதற்குக் காசு வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

அப்பா இப்போது மருத்துவர் சொன்ன மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். விடியற்காலையில் பாலாற்றுப் பக்கம் அரை மணி நேரம் நடக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அரை மணிக்கு ஒரு முறை பள்ளத்தை விட்டு ஏறித் தெருவாசல் வரை போய் வருகிறார். முதலில் "ஊடை எண்ணிக்கை குறையும்மா" என்று தயங்கினார். பழகியபின் முதுகு வலியும் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 9.8 ஆக இருந்தது 7.4 ஆகியிருக்கிறது. இது மாத்திரையாலா, நடையாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நோய் வந்ததற்கும் உட்கார்ந்த வேலை மட்டுமே காரணம் என்று நான் கூறமாட்டேன். பாட்டிக்கும் சர்க்கரை இருந்தது. மரபை மாற்ற முடியாது, பழக்கத்தை மாற்றலாம்.

அம்மா நடக்க வந்தது அவ்வளவு எளிதில் நிகழவில்லை. "வீட்டு வேலை செய்யறதே போதாதா? பொம்பளை காலையில ரோட்டுல கைய வீசிக்கிட்டு நடந்தா ஊரு சிரிக்காதா?" என்றார். பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்துகொண்ட பிறகே புறப்பட்டார். இப்போது ஐந்து பேர் நடக்கிறார்கள். ஊர் சிரிக்கவில்லை. அண்ணன்தான் இன்னும் நாளைக்கு, நாளைக்கு என்கிறான்.

கடன் தீர்ந்ததா என்றால் இல்லை. நடை கடனை அடைக்காது. உழைப்புக்கேற்ற கூலி கிடைத்தாலன்றி நெசவாளரின் கவலை முற்றும் தீராது. ஆனால் நடந்து வந்த இரவில் அப்பா தூங்குகிறார். அது சிறிய செய்தி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டோம்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோர் தறியிலும் தையல் எந்திரத்திலும் கடைக் கல்லாவிலும் ஆட்டோ இருக்கையிலும் உட்கார்ந்து உழைத்தே நம்மைப் படிக்க வைக்கிறார்கள். 'நாங்கள்தான் உழைக்கிறோமே' என்று அவர்கள் சொல்வார்கள். களைப்பு வேறு, இயக்கம் வேறு. ஒல்லி வேறு, நலம் வேறு என்று எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. நாமும் வகுப்பில் ஐந்து மணி நேரம், கைபேசியோடு மூன்று மணி நேரம் என்று உட்கார்ந்தே கழிக்கிறோம். இருபது வயதில் தொடங்கும் பழக்கமே நாற்பது வயதின் உடலைத் தீர்மானிக்கிறது. செங்கல்பட்டு இரயிலை விட்டு இறங்கியதும் ஷேர் ஆட்டோவைத் தேடிய நான் இப்போது நடந்தே வருகிறேன்.

இவ்விதழை மூடி வைத்தபின் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், "அப்பா, கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள். சிரித்துத் தட்டிக் கழித்தால் விடாதீர்கள். நான் இரண்டு ஆண்டுகள் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் இன்றே கேட்டுவிடலாம்.